அம்மாவின் மூன்று ஃபோல்டர்கள்

அன்பு வாலுப்பெண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறையில்லை. அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். அடுத்த அறையில் இருந்தால் இப்போதெல்லாம் அவளுக்குக் கேட்காது, ஆனால் அந்தத் தைரியத்தில் பேச எனக்கு மனசு வரவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த பாட்டு பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டேதானே திரிவாள். போன மாதம் உன் அத்தை வீட்டுக்குப் போனவள் அதைச் சார்ஜில் போட்டு மறந்துவிட்டாள், என் கையில் சிக்கியது. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று ஃபோல்டர், அறுநூறு பாட்டும் தாறுமாறாகக் கிடந்தன. சில பாட்டின் பெயருக்கு முன்னால் மாதமும் வருடமும் வேறு. முப்பது வருடம் உதிரிபாகக் கடையில் போல்ட் நட்டை அடுக்கியவன் கை சும்மா இருக்குமா? அவள் வருவதற்குள் அந்தத் தேதிகளையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, ஃபோல்டரையும் கலைத்து, எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டேன். பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள், "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க" என்று சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் சொன்னாள். ஒன்று, நன்றாகக் கேட்கிற பாட்டு. இரண்டு, தாளம் கேட்கும், வார்த்தை கேட்காது. மூன்றுக்குப் போனது போனதுதான், துளியும் கேட்காது; எந்த மாதம் போனது என்று குறித்துவைத்திருக்கிறாள். முதலில் புல்லாங்குழல் போயிற்றாம், பிறகு பெண் குரல்கள். ஒன்றரை வருடமாக மாதம் ஒருமுறை போட்டுப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. நான் கூப்பிட்டுத் திரும்பாதபோதெல்லாம் கொழுப்பு என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். எப்போதிலிருந்து, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அவர் கேட்டார், அவள் என்னைப் பார்த்தாள். பதில் பிளேயரில் இருந்தது, நான்தான் துடைத்துவிட்டேனே. வேகமாகக் குறைந்தால் காது மெஷின்கூட எத்தனை நாள் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாதாம். போன வாரம் ரோட்டில் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, இவள் பாட்டுக்கு நடக்கிறாள். கையைப் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால்கூடக் கதவருகே நிற்கிறேன்.

நேற்று இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து பிரித்தோம். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு விரலைக் காட்டுவாள், நான் மாற்றுவேன். மூன்று விரல் நீட்டியதை நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணத் தெம்பில்லை. கடைசியில் நீ அனுப்பிய குரல் பதிவுகள் வந்தன, அவற்றையும் அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறாள். சட்டென்று ஒரு விரலைக் காட்டினாள். நானும் ஒன்றில் போட்டேன். அவற்றை அவள் போட்டுக் கேட்கவே இல்லை.

எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, குறைவில்லாமல் இரு. நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, அவளாகச் சொல்லட்டும். போனில் கத்தாதே, நிதானமாகப் பேசு. லீவு கேள், கொடுக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கு. உன் குரல் ஒன்றில் இருக்கும்போதே வந்துவிடு.

பயந்துபோயிருக்கும்
உன் அப்பா