அப்பா சாகவிடாத படகோட்டி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கும். எழுத்து என்ன இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பயப்படாதே, கண் டாக்டர் தினமும் கொஞ்ச நேரம் எழுத விட்டிருக்கிறார், தடித்த பேனாவால் பெரிது பெரிதாக எழுத வேண்டுமாம், படிப்பதற்குத்தான் இன்னும் தடை. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா இல்லையா, அதை எழுது முதலில். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, உன் சித்தப்பா வந்து சரிசெய்கிறேன் என்று இறங்கி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு குழாயையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதெல்லாம் கிடக்கட்டும், பெண்ணே, உன் அம்மா ஜெயித்துவிட்டாள்! வருஷக் கடைசியில் வார இதழில் வருமே என் பக்கம், இந்த வருஷம் எனக்குப் பிடித்த கதைப் புத்தகங்கள் என்று, அது இந்த வருஷமும் வந்துவிட்டது. வந்த கதையைப் போனில் சொல்ல முடியாது, உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

கண் ஆபரேஷன் முடிந்த கையோடு இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், நல்லவிதமாகத்தான் சொன்னார், இந்த வருஷம் ஓய்வெடுங்கம்மா, அந்தப் பக்கத்துக்கு வேற யாரையாவது கேட்டுக்கறோம் என்று. நாவல் எழுதுகிறவள் படிப்பதை விட்டுவிட்டாள் என்றால் எழுதுவதையும் விட்டுவிட்டாள் என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள், நானே அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அப்போதுதான் உன் அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் படிக்கிறேன், நீ கேளு, லிஸ்ட்டை நீ குடுக்கறே என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வீட்டிலேயே ஒருத்தி கதை விட்டுக்கொண்டிருக்கும்போது புத்தகம் வேறு எதற்கு என்று என் நாவலைக்கூட இத்தனை வருஷமாகத் திறந்து பார்க்காத மனுஷர் அவர். அது எனக்கு எத்தனை நாள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது என்று உனக்குத் தெரியும்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தே வேலைக்காலம் முழுவதும் ஓட்டியவர் அல்லவா, அதே குரலில்தான் கதையும் படித்தார். காதலன் வந்துகொண்டிருக்கிறான் என்று அவர் படித்தால் எத்தனையாவது நடைமேடைக்கு என்று கேட்கத் தோன்றும். போகப் போகக் குரல் இளகியது. ஒரு சலவைக்கடைக்குள்ளேயே நடக்கிற நாவல் படித்தோம், அழுக்குத் துணியை வைத்தே ஒரு தெருவின் கதை முழுவதையும் சொல்லிவிட்டார் அந்த எழுத்தாளர், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் ஓடாத ஒரு மாடிக்கட்டடத்தைப் பற்றிய சிறுகதைகளும் அருமை. எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அந்தத் தலையணை நாவல் இருக்கிறதே, அதைக் கேட்டு நான் தூங்கியிருந்தால் கண் நோயாளி என்று விட்டுவிடலாம், படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவே அல்லவா தூங்கிவிட்டார்! அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை, யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ஒரு படகோட்டியின் நாவல். எழுதியது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு சின்னப்பெண், முதல் புத்தகம். வெள்ளத்தில் ஊரையே கரை சேர்த்துவிட்டு, யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுக் கிழவன் கடைசியாக ஒருமுறை படகை எடுக்கிறான். அப்பா படித்ததில் அவன் திரும்பி வந்து, சட்டையைப் பிழிந்து உதறிவிட்டு, ஒரு டீ போடும்மா என்கிறான். நான் அசந்துபோனேன். எல்லோரும் கொல்லுகிற இடத்தில் கொல்லாமல் விட்ட துணிச்சல் என்று புகழ்ந்து தள்ளி, அப்போது எனக்கு எழுதவும் தடை என்பதால் உன் சித்தியை எழுதவைத்து இதழுக்கு அனுப்பியும் விட்டேன். அச்சுக்குப் போகிற அன்று காலையில் அங்கே பிழை திருத்துகிற பெண் கூப்பிடுகிறாள், தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அந்தப் படகோட்டி செத்துல்ல போறாரு, டீயெல்லாம் எதுவும் இல்லையே என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். படிக்காமலே எழுதுகிறாள் கிழவி என்று சிரிப்பார்கள், அத்தோடு என் பக்கமும் போச்சு, பேரும் போச்சு.

உன் அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். முதலில் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு ஜன்னலைச் சாத்தினார், பிறகு, விடிய விடிய அத்தனை பேரைக் கரை சேர்த்தவனை எப்படி சாக விடறது, நீயே சொல்லு என்று என்னையே கேட்கிறார்! அவர் வழக்கம் உனக்குத் தெரியுமே, ரயில் ரத்து என்று மைக்கில் ஒருநாளும் மொட்டையாகச் சொன்னதில்லை, அடுத்த ரயில் எப்போது என்று விசாரித்துவைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார். இந்தக் கதையில் அடுத்த ரயில் இல்லை, அதனால் இவரே ஒரு ரயிலை விட்டுவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டிவிட்டு, உட்காருங்க, அவ எழுதினதை எழுதினபடி படிங்க என்றேன். படித்தார். காலிப்படகு மட்டும் கரைக்கு வந்து ஒதுங்குகிற பக்கத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது, எனக்கும் கண்ணிலிருந்து கொட்டுகிறது, டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட முடிவு தெரியுமா அது! டீ குடித்த முடிவை அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது.

உடனே ஆசிரியருக்கு நானே போன் போட்டேன். மறைப்பானேன், என் கண், உன் அப்பாவின் வாசிப்பு, பிழைத்த படகோட்டி, செத்த படகோட்டி, எல்லாவற்றையும் கொட்டி, இதை இப்படியே போடுங்க, முதல் இடம் அந்தப் பொண்ணுக்கு, இல்லேன்னா பக்கமே வேண்டாம் என்றேன். மனுஷர் வெடித்துச் சிரித்தார், அச்சை நிறுத்திவைத்தே போட்டார். இதழ் வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. அந்த மருந்துக்கடைப் பெண் கூப்பிட்டு ஐயாகிட்ட குடுங்க என்றாள், என்னிடம் பேசக்கூட இல்லை! நானும் அவரைக் காப்பாத்தத்தான் பார்த்தேன் ஐயா, முடியலை என்று சொன்னாளாம். அப்பா அன்றைக்கெல்லாம் நிலைகொள்ளவில்லை. அடுத்த வருஷமும் பக்கம் உங்களுடையதுதான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

இத்தனையையும்விடப் பெரிது ஒன்று இருக்கிறது. போன வாரம் உன் அப்பா அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, என்னுடைய தையல்காரி நாவலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தினமும் படிக்கிறார், ஒரு வார்த்தை மாற்றவில்லை, மாற்றினால் எனக்குத் தெரியாதா. நேற்று, தையல்காரி காய்ச்சலோடு பஸ் ஏறுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல என்றார். படிச்சுப் பாருங்க என்றேன். இல்ல, இப்பவே சொல்லிடு என்று குரல் நடுங்கக் கெஞ்சுகிறார். எனக்கு விருதுகள் வந்திருக்கின்றன, மாலை விழுந்திருக்கிறது, எதுவும் இதற்கு ஈடில்லை பெண்ணே. ஆனாலும் சொல்லவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அந்த நாவலை நீ படித்திருக்கிறாய் என்று அப்பாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் குழாய், இருமல் என்று எங்கெங்கோ சுற்றி மெல்லத் தையல்காரியிடம் வருவார். வாயைத் திறந்தாயோ, தொலைந்தாய். அவர் இன்னும் கொஞ்சம் பயப்படட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா