வெடிப்புப் பார்க்க வந்தவருக்கு வடை

அண்ணை,

உங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது நிற்கிற மாடிக் கட்டடத்துக்கு இன்று காலை போயிருந்தேன். மூன்றாம் மாடிக்காரர் ஒரு யோசனை கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். படியேறும்போதே ஃபில்லர் மணத்தது. சுவர் வெடிப்பை மூடப் பூசுவார்களே, அந்த வெள்ளைக் களி. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் மணம். புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கட்டிய மாவிலை வாசலில் இன்னும் தொங்குகிறது, அதற்குள் சுவர் வெடித்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் பிறகுதான் வந்தது, வந்ததும் கனநேரம் நிற்கவில்லை.

முன்பெல்லாம் யோசனை என்றால் உங்கள் கேற்றடிதான். பின்னேரம் கடற்கரைக்கு நடக்கப் புறப்படுகிறவர்கள் உங்கள் மதிலோடு நின்றுவிடுவார்கள். நடந்து இளைக்க வேண்டிய உடம்பெல்லாம் நின்று கதைத்தே பெருத்தது, என் உடம்பு உட்பட. வெள்ளவத்தையில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு இரண்டு வருத்தம். ஒன்று, கடல் காற்றில் கறள் பிடிக்கிற கம்பி. மற்றது, வேலைக்குப் பிடித்த மேசன் பாஸ்.

"அண்ணை, பாஸ் போனை எடுக்கிறானில்லை. கேட்டால் 'ஹெட்ட எனவா மஹத்தயா' எண்டுறான். நாளைக்கு வாறானாம். அவன்ர நாளை விடியுதே இல்லை."

"அவனுக்கு எடுக்காதை. அவன்ர மனிசிக்கு எடு. அவ அனுப்பி வைப்பா."

மனைவி அனுப்பி வைத்தாள். அவன் வந்து என் குளியலறையைக் கட்டினான். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல், கதிரை போட்டிருக்கிற ஹோலுக்கு வந்தது. முறையிட வந்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "அப்ப இனி ஹோலில குளி." எங்கள் ஒழுங்கை முழுக்க, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை, அதைச் சொல்லிச் சிரித்தது. நானே முன்னின்று பரப்பினேன்.

காப்புறுதி விஷயத்தில் மட்டும் நீங்கள் சிரித்ததில்லை. "முதல் போட்டோ, பிறகு ஒப்பாரி" என்பீர்கள். எதிர்வீட்டு அடுக்களைமேல் தென்னை விழுந்தபோது, கொம்பனி ஆள் வந்து பார்க்கும்வரை ஓர் ஓலையைக்கூட அசைக்க விடவில்லை. அந்த வீட்டம்மா இரண்டு நாள் மரத்துக்குக் கீழே குனிந்து தேத்தண்ணி போட்டா. ஆனால் காப்புறுதிப் பணம் முழுதாகக் கிடைத்தது. அதன்பிறகு உங்கள் சொல்லுக்கு ஒழுங்கையில் மறுசொல் இருக்கவில்லை.

பிறகு உங்கள் பக்கத்து வளவை ஒரு கட்டடக்காரர் வாங்கினார். நிலத்துக்குள் தூண் இறக்குகிற இடி தொடங்கியது. உங்கள் ஹோல் மூலையில் மயிர்போல் ஒரு கோடு விழுந்தது. அது யன்னலைத் தாண்டி நிலம்வரை இறங்கியது. மாதக் கடைசியில் என் சுண்டுவிரல் அதற்குள் போனது. முன்கதவு பூட்ட மறுத்தது. ஊரில் இருந்த வீடு சண்டையில் தரைமட்டமான பிறகு, உழைப்பையெல்லாம் போட்டு நீங்கள் எழுப்பிய வீடு. வேறு வீடு கட்ட உங்களுக்கு வயதுமில்லை, வழியுமில்லை.

கட்டடக்காரரின் காப்புறுதிதான் பதில் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் எழுதுவதை வைத்துத்தான் சுவரைத் திருத்தித் தருவார்கள். நீங்கள் சட்டம் போட்டீர்கள். உதிர்ந்த பூச்சைக் கூட்டி அள்ளக்கூட அக்காவை, உங்கள் மனைவியையே, விடவில்லை. எல்லா வெடிப்பையும் என்னைக்கொண்டு படம் எடுப்பித்தீர்கள். "மற்றப் பக்கத்தால எடு. உன்ர நிழல் விழுது."

மதிப்பீட்டாளர் போன் எடுத்தபோது நான் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். சிங்களத்தில் தொடங்கிய கதை பாதியில் தமிழுக்கு மாறியது. உடனே நீங்கள் கேட்டீர்கள், நம்மில் எவரும் கேட்காமல் விடாத அந்தக் கேள்வியை.

"தம்பி ஊரில எவடம்?"

வடமராட்சி. அதிலும் உங்கள் ஊர். அதிலும் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவருடைய மகன். போனை வைத்தபோது உங்கள் முகம் மலர்ந்திருந்தது. எங்கட ஆள் வாறான் என்றீர்கள். இனி வேலை முடிந்த மாதிரித்தான் என்று நானும் நினைத்தேன். பிறகு நீங்கள் மெல்லத் திரும்பி ஹோலைப் பார்த்தீர்கள்.

"இந்தக் கோலத்தில அவன் வீட்டைப் பாக்கக்கூடாது."

"அண்ணை, அவன் கோலத்தைப் பாக்கத்தான் வாறான்."

"தேப்பனிட்டப் போய்ச் சொல்லுவான். கொழும்பில பெரிய வீடு கட்டினவர், இடிஞ்ச சுவருக்குள்ள இருக்கிறார் எண்டு ஊரெல்லாம் கதைப்பினம். உனக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது அண்ணை. அதுதான் கோபம். அன்று பின்னேரம் நீங்கள் பாஸுக்குப் போன் எடுத்தீர்கள். வெள்ளவத்தைச் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு பாஸ் சொன்ன நேரத்துக்கு வந்தான். பொழுதுபடுமுன் ஃபில்லர் பூசி, அடுத்த நாள் விடிய வெள்ளையும் அடித்து முடித்தான். கதவைச் சீவிப் பூட்டவும் வைத்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததே இல்லை.

பத்து மணிபோல் அந்தப் பெடியன் வந்தான். அக்கா சுடச்சுட வடையும் தேத்தண்ணியும் வைத்தா. தகப்பன் சுகம், தாயின் முழங்கால், பழைய கணக்கு வாத்தியார் என்று நெடுநேரம் போனது. கடைசியில் அவனே கேட்டான்.

"வெடிப்பு எங்கை அங்கிள்?"

"அது சின்னன் தம்பி. முதல் வடையை எடுங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. என் போனை அவனிடம் நீட்டினேன். "இதைப் பாருங்கோ தம்பி. போன கிழமை எடுத்தது. விரல் போகுது."

"அவருக்குப் படம் எடுக்கிறது ஒரு வியாதி. என்னத்தையும் பெருசாக்கித்தான் எடுப்பார்" என்றீர்கள் நீங்கள், சிரித்தபடி.

பெடியன் நல்லவன். படத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான். எழும்பிப் போய்ச் சுவரைத் தட்டினான். "நான் கண்ணால காணுறதைத்தான் எழுதலாம் அங்கிள். வேற ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ." சொல்லுங்கோ என்பதை இரண்டு தரம் சொன்னான். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைத் தம்பி. வீடு பிழையில்லை. அப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

மழை தொடங்க, சுவர் அதே கோட்டில் வாயைத் திறந்தது. பார்வையிட்ட அன்று சேதம் எதுவும் காணப்படவில்லை, ஆகவே இது மழையால் வந்தது என்று கொம்பனி பதில் அனுப்பியது. என் படங்களை அனுப்பவும் நீங்கள் விடவில்லை. நீங்கள் கேற்றடிக்கு வருவது நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் உங்கள் மதிலடியில் நின்று, "ஊருக்குச் சொன்ன புத்தி தனக்கில்லாமப் போச்சு" என்றார். தென்னை விழுந்த வீட்டுக்காரர்தான். கடைசியில் தூண் இடித்த கட்டடக்காரரே வந்து இனிக்க இனிக்கப் பேசி வீட்டை வாங்கிக்கொண்டார். நீங்களும் அக்காவும் நுகேகொடையில் ஒரு மேல்வீட்டுக்கு வாடகைக்குப் போனீர்கள்.

அங்கே வந்து பார்த்தபோது சாமிப் படங்கள் நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தன. "இஞ்ச ஒரு ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேக்கவேணும்" என்றீர்கள். பகிடிபோல்தான் சொன்னீர்கள். பகிடி விடுவது என் தொழில், அண்ணை. எது பகிடி என்று எனக்குத் தெரியும்.

பொரளை மலர்ச்சாலையில் உங்களைக் கிடத்தியிருந்தபோது ஒழுங்கை முழுக்க வந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மார்பிளா ரைல்ஸா எது வழுக்காது என்று கதைத்தார்கள். அந்தப் பெடியனும் தகப்பன் அனுப்பிய மலர்வளையத்தோடு வந்தான். என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான்.

"நான் சொன்னதைக் கேட்டு அப்பா இப்பவும் ஊரில சொல்லுவார், அங்கிளின்ர வீடு மாதிரி வெள்ளவத்தையில வீடில்லையாம். ஏன் அங்கிள் வித்தவர்?"

"நல்ல விலை வந்தது தம்பி, அதுதான்" என்றேன். பெட்டிக்குள் இருந்து நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள்.

இப்போது ஒழுங்கை என்னிடம் யோசனை கேட்கிறது. குளியலறைத் தண்ணீரை ஹோலில் விட்டவனிடம். நீங்கள் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்கிறேன். கூடவே நானாகச் சேர்த்த ஒன்று: சேதம் பார்க்க வருகிறவரிடம் ஊர் கேட்காதேங்கோ. இன்று காலை மூன்றாம் மாடிக்காரரிடமும் சொன்னேன். என் வழக்கமான பகிடி என்று சிரித்தார்.

போன கிழமை ஒழுங்கைக் கடைசி வீட்டு ரீச்சர், பென்சன் எடுத்தவ, போன் எடுத்தா. அவவின் வீட்டுக்கும் பக்கத்து வளவுத் தூண்களால் சுவர் போய்விட்டது. மதிப்பீட்டாளர் வந்துவிட்டுப் போனாராம்.

"ஆர் ரீச்சர் வந்தது?"

"நல்ல பிள்ளை. எங்கட பக்கம்தான். தாய் என்னட்டப் படிச்சவ."

"சுவரைக் காட்டினீங்களோ?"

"கொஞ்சம் காட்டினனான். மற்ற இடத்துக்கு முன்னால கலண்டரைக் கொழுவி விட்டனான். பாக்க ஒரு மாதிரிக் கிடந்தது."

ஏச வாயைத் திறந்தேன். சுகம் விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். என்னிடம் உள்ள ஏச்சு முழுவதும் உங்களுக்கென்று வைத்திருப்பது, அண்ணை. அதில் ஒரு துளியைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.