சேகருக்குக் கொடுத்த சைக்கிள்

ஆவணி 8, ஞாயிறு

காலையில் சேகர் என் சைக்கிளைக் கேட்டான். ஒரே அறையில் இருக்கிறோம். ஒரகடம் கடைத்தெருவில் டிபன் வாங்கி வருவதாகச் சொன்னான். பைக்கை விற்ற பிறகும் அதன் ஹெல்மெட்டை நான் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்கிறேன். கம்பெனியில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அதை அவனிடம் நீட்டினேன்.

"சைக்கிளுக்குப் போய் ஹெல்மெட் இன்னாத்துக்குண்ணா?"

"கன்டெய்னர் லாரி போற ரோடு. போட்டுக்கினு போ."

போட்டுக்கொண்டுதான் போனான். சர்வீஸ் ரோடு வளைவில் ஒரு லாரி குறுக்கே திரும்பியிருக்கிறது. பிரேக்கைப் பிடித்தும் நிற்காமல் பள்ளத்தில் விழுந்துவிட்டான். ஹெல்மெட்டில் விரிசல், தலைக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கான்ட்ராக்ட் ஆள், வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒன்றரை மாதம் கம்பெனி லைனில் நிற்க முடியாது.

அந்த சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்துபோய் ஒரு வருடம் இருக்கும். கம்பெனி ஷூவைத் தரையில் தேய்த்துத்தான் நான் நிறுத்துவேன். இரும்பு முனை வைத்த ஷூ, காலுக்கு ஒன்றும் ஆகாது. சேகர் ரப்பர் செருப்போடு போனான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிரேக் இல்லை என்பதே மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் பக்கத்து அறைக்காரர்கள் பார்க்க வந்தார்கள்.

"நான்தான் பிரேக்க லேட்டா புடிச்சிட்டேன். நல்லவேளை, அண்ணன் ஹெல்மெட்ட மாட்டி அனுப்புனாரு" என்று அவர்களிடம் சொன்னான்.

நான் தலையாட்டினேன். அவன் கையிலிருக்கும் மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் பிரேக் கட்டையை மாற்றிவிட வேண்டும்.