சப்பாத்தோடு கடலில்

மார்ச் 12, ஞாயிறு இரவு

விண்வெளி வீரர் தேர்வில் எனக்கு மிச்சம் நீச்சல் மட்டும்தான். முழு உடுப்போடும் காலில் சப்பாத்தோடும் நீந்திக் காட்ட வேண்டும். பொறியியல் படித்த எனக்கு நீந்தத் தெரியாது. மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் எங்கள் கரையில் பெண் பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடமாட்டார்கள். பழக்கச் சொல்லி அண்ணாவைக் கேட்டதற்கு, "வானத்துக்குப் போறவளுக்குக் கடல் என்னத்துக்கடி?" என்று சிரித்தான்.

இன்று விடியற்காலையில் தனியாக இறங்கினேன். இடுப்பளவு போவதற்குள், கரைவலை இழுத்தவர்கள் ஓடிவந்து என்னைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். சப்பாத்தோடு கடலுக்குள் போகிறவள் சாகத்தான் போகிறாளாம்.

"யாரு பிள்ள ஒன்ன ஏமாத்தினது?" என்றார் ஒருவர்.

"ஒருத்தருமில்ல. விண்வெளிக்குப் போக நீந்திப் பழகுறன்."

"ஐயோ, மூளையும் கொழம்பிட்டு!"

அம்மா நெஞ்சில் அடித்து அழுதாள். "ஆளச் சொல்லு மகள், கட்டி வைக்கிறம்."

காதலுக்காக நான் சாவேன் என்று ஊரே ஒரு நொடியில் நம்பிவிட்டது. நீந்தப் பழகுவேன் என்று நம்ப ஒருவருக்கும் முடியவில்லை. பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்வு அடுத்த மாதம். அம்மா கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் படுத்திருக்கிறாள். சப்பாத்து இன்னும் காயவில்லை. காய்ந்துதான் என்ன, விடிந்தால் நனையத்தானே போகிறது. இந்த அறை யன்னலுக்குக் கம்பி இல்லை.