தட்டைக் கீழே வைத்தவர்

அப்பா,

இன்று காலை சாமைச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கருகின வாசம் கூடம் வரை வந்திருந்தது. வேறு எந்தச் சோறு கருகினாலும் கொட்டிவிட்டு மறு வேலை பார்ப்பேன். சாமை கருகினால் மட்டும் உங்கள் நினைப்பு வந்துவிடுகிறது. மேலாகக் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டு, மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அப்புறம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மனிதர்கள் எதனால் மாறுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரிய நோய் வந்து பிழைத்தார், மாறிவிட்டார். மலைக்கு மாலை போட்டார், மாறிவிட்டார். பேரன் பிறந்தான், மாறிவிட்டார். உங்கள் விஷயத்திலும் ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், பேரன் முகம் பார்த்ததும் ஆள் அடங்கிவிட்டார் என்று. எனக்குத் தெரியும், அது இல்லை.

நீங்கள் குடித்ததில்லை. குடித்திருந்தாலாவது அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். வெளியில் உங்களைப்போல ஒரு மனிதர் கிடையாது. மழையில் மலைப்பாதை அடைத்துக்கொண்டு, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், டோலி கட்டித் தூக்கிப்போகத் தோள் கொடுக்கும் முதல் ஆள் நீங்கள்தான். "தங்கமான மனுசன்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடமே சொல்வார்கள். நானும் அண்ணனும் தலையை ஆட்டுவோம்.

வீட்டில் சோற்றுக்கு உட்காரும்போதுதான் நீங்கள் வேறு ஆள். உப்பு ஒரு கல் குறைந்தால், களி கொஞ்சம் இளகியிருந்தால், தட்டு பறக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். தட்டு சுவரில் மோதித் தரையில் சுழன்று அடங்கும் சத்தம் மட்டும்தான். நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். அம்மா ஈரத்துணியால் சுவரைத் துடைப்பாள். நீங்கள் கொல்லையிலிருந்து வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது எனக்கும் அண்ணனுக்கும் யாரும் சொல்லித்தராமலே வந்த பழக்கம். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனதற்கு ஆயிரம் காரணம் சொன்னான். அந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் காரணம்.

என்னை மலைக்குக் கீழே செங்கத்தில் கட்டிக்கொடுத்தீர்கள். பிள்ளை பிறந்ததும் அம்மா துணைக்கு வந்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவதாகப் பேச்சு. மாதம் முடியும் சமயம், பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இனிமே மேல போவல."

"ஏம்மா? அப்பா எதுனா சொன்னாரா?"

"அவரு இன்னா சொல்லப் போறாரு. இங்க வந்ததுலேர்ந்து சோறு போடறப்போ எனக்குக் கை நடுங்கல. அங்க நடுங்கிகினு இருந்துதுன்னே இப்பதான் எனக்குத் தெரியுது."

உங்கள் மருமகன் "அத்தை இருக்கட்டும்" என்றுவிட்டார். எனக்குத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று பயம்.

அடுத்த வாரம் அவளைக் கூட்டிப்போக வந்தீர்கள். தோளில் பலாப்பழ மூட்டை. கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, "கெளம்ப சொல்லு, பஸ் போய்டும்" என்றீர்கள். அம்மா உள்ளேயிருந்து வரவில்லை. நான்தான் சொன்னேன், "அம்மா வரலையாம்ப்பா."

"எப்ப வருவாளாம்?"

"வரலையாம்."

நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் அறைக் கதவைப் பார்த்தீர்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதற்கு முன்பும் இரண்டு முறை அம்மா தன் தாய்வீட்டுக்குப் போனதுண்டு. அப்போதெல்லாம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். அவர்கள் நாலு நியாயம் பேசுவார்கள், அம்மா திரும்பி வருவாள். ஒரு மாதம் தட்டு தரையிலேயே இருக்கும். அப்புறம் பறக்கும். ஆகவே அவள் பிரிந்து போனதுதான் உங்களை மாற்றியது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த முறையும் பெரியவர்கள் வருவார்கள் என்று என்ன பதில் சொல்லலாம் என யோசித்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

சில வாரம் கழித்து நீங்கள் தனியாக வந்தீர்கள். கன்னம் ஒட்டியிருந்தது. வலது கையில் தீக்கொப்பளம். சமையலறை வாசற்படி ஓரம் தரையிலேயே உட்கார்ந்தீர்கள். அம்மா உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னைப் பார்த்துத்தான் பேசினீர்கள். ஆனால் என்னிடம் பேசவில்லை.

"அடுத்த வூட்ல கூப்ட்டாங்க. எத்தினி நாளுக்குப் போறது? நானே பொங்கினேன். மொத நாளு கருகிப் போச்சு. மறு நாளு கொழைஞ்சி போச்சு. ஒரு நாளு சாமையும் நல்லா வந்துது, கொழம்பும் வெச்சேன். வாயில வெச்சா உப்பு இல்ல."

அம்மாவின் கத்தி நின்றது.

"கை தானா தட்ட தூக்கிச்சு. வீசலாம்னு பாத்தா எதுர்ல யாரும் இல்ல. நான் பொங்கின சோறு, நான் போடாத உப்பு. தட்ட தூக்கிப் புடிச்சிகினே நிக்கறேன். யாரு மேல வீசறது?"

நான்தான் கேட்டேன், "அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"உப்பு ஜாடி எங்க கீதுன்னு தேடினேன். எனக்கு அதுகூட தெரில. கெடைச்சிது. போட்டுகினு தின்னேன்." கைக் கொப்பளத்தைத் தடவிக்கொண்டீர்கள். "உப்பு இல்லன்னா போட்டுக்கலாம். அவ்ளோதான் விசியம். இத்தினி வருசமா எத்த வீசிகினு இருந்தேன்னு தெரில."

மன்னிப்புக் கேட்கவில்லை. வா என்றும் கூப்பிடவில்லை. அம்மா திரும்பாமலே என்னிடம் சொன்னாள், "உங்கப்பாவக் கைக்கு மருந்து போட்டுகினு போ சொல்லு."

இதைக் கதையாகச் சொன்னால், அம்மா அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள் என்று முடித்துவிடலாம். அவள் போகவில்லை. நீங்கள் வந்துகொண்டே இருந்தீர்கள். புளி கொண்டுவந்தீர்கள், கொட்டை எடுத்த புளி. அதற்கு முன் புளி தட்டுவது பெண்கள் வேலை உங்களுக்கு. வந்தால் எங்கள் அடுப்படியில் நுழைந்து குழம்பு வைத்தீர்கள். முதலில் எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. ஏதோ வேஷம் போல இருந்தது. அம்மா சாப்பிடுவாள். நல்லா இருக்கு என்று சொல்லமாட்டாள், நல்லா இல்லை என்றும் சொல்லமாட்டாள். நீங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒருவர் வாயில் வைத்து மென்று விழுங்கும் வரை எதிரில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிய சமயம், ஒரு நாள் அம்மாவே பையை எடுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினாள். "ராத்திரிச் சோறு அவரு பொங்கட்டும். நான் இருந்து பாக்கறேன்" என்றாள். "புடிக்கலன்னா எனக்கு இங்க ஒரு வூடு கீது" என்றும் சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

அதன் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. ஒரு மழைக்காலம், ஏதோ ஒரு எரிச்சலில் தட்டை மறுபடி தூக்கினீர்களாம். தூக்கிய தட்டைக் கீழே வைத்துவிட்டு, கொட்டும் மழையில் கொல்லையில் போய் நின்றீர்களாம். நனைந்து வந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டீர்களாம். அம்மா போனில் சொன்னாள். "பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன். "பயந்தேன். ஆனா எழுந்து போவல" என்றாள். அப்பா மாறிவிட்டாரா இல்லையா என்று நான் சலித்துக்கொண்டபோது அவள் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "மாறிட்டாருன்னு சொல்லாத. தெனமும் மாறிகினு கீறாரு. ஒரு நாளு வுட்டா பழையபடி ஆயிடும்னு அவருக்கே தெரியிது."

மாற்றம் என்பது ஒரு ஆற்றைத் தாண்டி அக்கரை போய்ச் சேர்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்களைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. அது ஒவ்வொரு வேளையும் புதிதாகப் பொங்கவேண்டிய சோறு. நேற்றுப் பொங்கியது இன்றைக்கு ஆகாது.

இந்த வருஷம் நீங்கள் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், பொண்டாட்டிக்குப் பொங்கிப் போட்ட மனுசன் என்று. இளவட்டங்களுக்கு உங்களை அப்படித்தான் தெரியும். அண்ணன் பந்தல் காலில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு வந்து மறுநாளே கிளம்பிவிடும் அவனுக்கு நீங்கள் என்றைக்கும் பழைய ஆள்தான். நான் பக்கத்தில் போனபோது, "நீ பாத்த அப்பாவ நான் பாக்கவே இல்லியே" என்றான். அவனுக்கு நீங்கள் பட்ட கடன் அது. சில கடன்களைத் தீர்க்க ஆளே கிடைப்பதில்லை.

எனக்கு இரண்டு பேரையும் தெரியும் அப்பா. முதல் ஆளை நான் மறக்கவில்லை. மறந்தால் நல்ல மகள் என்று பெயர் கிடைக்கும். ஆனால் அவரை மறந்துவிட்டால், இரண்டாவது ஆள் ஏதோ பிறவியிலேயே சாது என்று ஆகிவிடும். நீங்கள் மழையில் நின்றதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அதனால் இருவரையும் சேர்த்தே சுமக்கிறேன். சில நாள் ஒருவர் கனக்கிறார், சில நாள் மற்றவர்.

போன வாரம் அம்மாவைப் பார்க்க மேலே போயிருந்தோம். உங்கள் பேரனுக்கு மீசை அரும்பிவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு உதவிக்கொண்டே என்னிடம் கேட்டான், "தாத்தாவுக்கு கோவமே வராது இல்லம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். உங்களைப் பற்றி இனி என்ன சொல்வது, என்ன மறைப்பது என்பது அவள் உரிமை என்று எனக்குத் தோன்றியது. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லு," என்றாள். "முழுசா சொல்லு. பாதி சொன்னா அவரு பட்ட பாடு தெரியாம போய்டும்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வரும்டா," என்றேன். "ரொம்ப வரும்."