நான்கு புள்ளி ஒன்று

நவம்பர் 18
வார்னா துறைமுகத்துக்கு வரும் குப்பை மின்னஞ்சல் எல்லாம் எங்கள் கப்பல் அலுவலகத்துக்குத்தான் வருகிறதோ? நான் பார்த்துக்கொள்ளும் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. எல்லாம் பெரிய எழுத்தில் கத்தினால் 1.6. ஆச்சரியக்குறி குவிந்தால் 0.9. கூட்டி ஐந்தைத் தொட்டால் தடுப்புப் பெட்டி. துளித்துளியாகக் கூட்டியே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறதே! பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 21
முதலாளி ஹிறிஸ்தோவ் கத்தினார். "எனக்கு மறுபடியும் லாட்டரி விழுந்திருக்காம், லியூபென்! நீ என்னதான் பண்றே?" ஐந்தை நான்காக்கினேன்.

நவம்பர் 22
ஒரு குப்பைகூட இல்லை. ஒரே ஒரு எண்!

டிசம்பர் 2
மாலுமிகளின் பாஸ்போர்ட்டுகளைப் பார்க்கும் சோர்னிட்சா மின்னஞ்சல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவன் பிளாமென் சண்டை போட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன். "நிகோலாவோட பேர்நாளுக்குள்ள பதில் போடு, இல்லேன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன்னு எழுதிட்டேன்" என்றாள். மகனின் பெயர்நாள், அதாவது அவன் பெயருக்குரிய புனிதரின் திருநாள், ஆறாம் தேதி.

டிசம்பர் 5
வரவில்லை.

டிசம்பர் 6
மாலுமிகளின் காவலர் புனித நிக்கோலாஸ் திருநாள். அலுவலகத்தில் வழக்கம்போல் கெண்டை மீன். சோர்னிட்சா தொடவில்லை. "அக்கா வீட்ல ஒரு ரூம் கேட்டிருக்கேன்" என்றாள்.

வருடா வருடம் இன்று கப்பல்களிலிருந்து வாழ்த்து கொட்டுமே, இந்த வருடம் ஏன் ஒன்றுகூட இல்லை — கையில் மீனோடு அப்படியே நின்றுவிட்டேன். ஐயோ, நம்ம கப்பல் ஆளுங்க தந்தி, டெலக்ஸ் காலத்துலேர்ந்து பெரிய எழுத்துலதானே எழுதுவாங்க!

தடுப்புப் பெட்டியைத் திறந்தேன். இருபத்து மூன்று வாழ்த்துகள். அடியில் ஒன்று பிளாமெனிடமிருந்து, நவம்பர் 30. கத்தல் 1.6, ஆச்சரியக்குறி 0.9, கப்பலின் செயற்கைக்கோள் முகவரி 1.6. மொத்தம் 4.1.

படிக்காமல் அவளுக்கு விடுவித்தேன். அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து மீனைச் சாப்பிட ஆரம்பித்தாள், அழுதுகொண்டே.

ஒரு குடும்பம். 0.1.

டிசம்பர் 9
மீண்டும் ஐந்து. ஹிறிஸ்தோவுக்கு இரண்டு லாட்டரி. திட்டினார். திட்டட்டும்.

பிப்ரவரி 11
பிளாமென் மகனைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்தான். எழுதுகிற மாதிரியேதான் பேசுகிறான், தெருவுக்கே கேட்கும்படி. "என்னை ஒரு வாரம் குப்பையில போட்டு வெச்ச புண்ணியவான் நீதானா?" கட்டிப்பிடித்ததில் விலா வலிக்கிறது.

இப்போதெல்லாம் காலையில் காப்பிக்கு முன் தடுப்புப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன்.