வளவுக்குக் குறுக்கே ஒரு வயர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிய சுபஹ் தொழுதவுடன் முதல் வேலையாகக் கொடிக் கயிற்றை அவிழ்த்து, என் கூடப்பிறந்த ராத்தா வீட்டு ஜன்னலிலிருந்து மகள் ஷிஃபாவின் மேசை வரை அளந்தேன். கயிறு பற்றவில்லை. பழைய சேலை ஒன்றை முடிச்சுப் போட்டு நீட்டினேன். காற்றே இல்லை. புழுக்கம்.

ஒரே வளவு, இரண்டு வீடு, ஒரே இணைப்பு. ரவுட்டர் ராத்தாவிடம். ஷிஃபாவின் கேம் கணினி எங்கள் பின்னறையில். வைஃபை இங்கே வந்து சேரும்போதே உயிர் போய்விடும். ஏ.எல். முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை. நாலு பெண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு அணி. வெள்ளிக்கிழமை போட்டி.

"நான் அப்படியே உறைஞ்சி நிக்கேன் உம்மா. அவளுகள் வந்து சுட்டுட்டுப் போறாளுகள்."

"துவக்குத் தூக்குற புள்ளைய எவன் கலியாணம் முடிப்பான்?" ராத்தா. சிரித்துக்கொண்டுதான்.

யோசித்தவை: வைஃபையைப் பெருக்கும் பெட்டி (இன்னும் வேகம் குறையுமாம்). கரண்ட் வயர் வழியாக நெட் அனுப்புவது (இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு மீட்டர், சரிவராது). எங்களுக்கென்று தனி ஃபைபர் இணைப்பு.

இவர்: "ஒரு வளவுக்குள்ள ரெண்டு இணைப்பா? ராத்தாவோட கோவமாண்டு ஊர் கேக்கும்."

அதுவும் உண்மை. எனவே சாதாரண நெட் வயர், வெளியால்.

ஒக்டோபர் 9

வயர் இழுத்தாயிற்று. நடுவில் தொய்ந்ததால் இவர் ஏணி வைத்துத் தென்னையில் கட்டினார். ஷிஃபாவின் கூச்சல்: "உம்மா, பறக்குது!" ராத்தா ரொட்டியும் சம்பலும் அனுப்பினா. என் வகுப்பின் வினாத்தாள்களை இன்னும் திருத்தவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி. ஆஸ்பத்திரி

பின்னேரம், அஸருக்குப் பிறகு இடி. எப்போதும்போல ஓடி ஓடிப் பிளக் எல்லாம் கழற்றினோம். டிவி, ஃப்ரிட்ஜ், கணினி. மெயின் சுவிட்சும். போட்டி கைவிட்டுப் போன கோபத்தில் ஷிஃபா கணினிப் பெட்டியில் வெறுங்காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வெள்ளை. சத்தம் கேட்டதா, ஞாபகமில்லை.

கதிரை கவிழ்ந்து, பிள்ளை நிலத்தில். கணினியின் பின்புறம் கருகிப் புகை. பிளக் கழற்றிய கணினி!

கண் திறந்திருந்தது. பிறகு, மெதுவாக: "உம்மா, என்ட கால் எங்க?"

கால் என் மடியில்தான் இருந்தது.

இதயம் சரியாம். நாளை வரை வைத்துப் பார்ப்பார்களாம். அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 11

காலில் உணர்ச்சி வந்துவிட்டது. விரல் அசைக்கிறாள்.

நெட் வயர். எல்லாம் கழற்றினோம், அதை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. கரண்ட் வயர் இல்லையே என்று. மின்னல் மரத்தில் விழுந்து, வயருக்குள் இருக்கிற செம்புக் கம்பியில் ஏறி வந்துவிட்டது. ராத்தா வீட்டு ரவுட்டரும் கரி.

பத்தாம் வகுப்புக்கு மின்னல் பாடம் நான்தான் எடுக்கிறேன். பலகையில் படம் போட்டு.

ராத்தாவின் கணவர், மச்சான், கட்டிலடியில் நின்று: "கேம் கேமுண்டு கிடந்ததுக்கு அல்லாஹ் தந்த அடி."

இவர்: "மரத்துல வயரக் கட்டினது நான். அடி எனக்கெல்லோ விழோணும்."

மச்சான் வெளியே போய்விட்டார்.

ஒக்டோபர் 13, திங்கள்

வீட்டில். எனக்குப் பள்ளிக்கு லீவு. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தென்னையின் குருத்துக் கருகிவிட்டது, தப்பாது.

ராத்தா கஞ்சியோடு வந்து, அழுது, பிறகு: "அந்த மிஷின எங்கயாச்சும் குடுத்துரு மகள். பொம்புளப் புள்ளைக்குத் தேவல்ல."

ஷிஃபா: "சரி பெரியும்மா."

மின்னலில் கூட நான் இப்படித் திடுக்கிடவில்லை. எந்தப் பேச்சுக்கும் திருப்பி ஒரு பேச்சு வைத்திருக்கிற பிள்ளை. சரி என்கிறாள். அணிக்காரிகள் எடுக்கிற ஃபோன் கோலையும் வெட்டிவிடுகிறாள். "பாவம் அதுகள், வேற ஆளத் தேடட்டும்" என்கிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மச்சானின் வசனம் அவள் காதில் விழுந்திருக்கிறது. பயம் போகும். அந்த வசனம் போகுமா?

ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்னல் ஏறாது. முதலே தெரியும் எனக்கு. ராத்தா முகம் கோணக்கூடாது என்றுதான் செம்பு.

கணினியைத் திருத்தலாமா, புதிதுதானா, அது பிறகு. நாளை பள்ளி விட்டதும் நேரே போய்த் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். என் பெயரில். வளவு பிரிந்துவிட்டது என்று கதைப்பார்கள். ராத்தா கொஞ்ச நாள் பேசமாட்டா.

இவருக்கும் சொல்லவில்லை. அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்தாயிற்று.